சித்கியின் அரம் தொட்ட மேகசின்கள்

துப்பாக்கிப் பட்டறைகள் நிறைந்த தாஷ்குயு ஊரில் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அதன் மரக்கட்டை எந்தப் பட்டறையில் செதுக்கியது என்று சொல்லப் பலர் உண்டு. உள்ளே இருக்கும் இரும்பை யாருடைய அரம் தொட்டது என்று சொல்ல சித்கி ஒருவரால்தான் முடியும். ஒவ்வொருவன் கையும் ஒரு பக்கமாகச் சாயும், ஓர் இடத்தில் அழுத்தும், ஓர் இடத்தில் விடும். "கையெழுத்தைக்கூட மாத்தி எழுதிடலாம், அரத்தோட இழுப்பை மாத்த முடியாது" என்பார். தன் இழுப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. அதைத்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்களே.

ஊரில் எல்லாரும் அவரை உஸ்தா என்றார்கள். கைத்தொழிலில் தேறியவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது. இரட்டைக்குழல் துப்பாக்கி செய்த காலத்திலேயே அவர் பொருத்துமேசைக்கு வந்துவிட்டார். இரட்டைக்குழலில் எதுவும் அச்சில் வார்த்ததுபோல் வந்து உட்காராது. எண்ணெய் விளக்கின் புகையைக் குழலின் அடியில் பிடித்துக் கரி ஏற்றுவார்கள். குழலைத் துப்பாக்கியின் உடலோடு சேர்த்து மூடித் திறப்பார்கள். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே இரும்பு இடிக்கிறது என்று பொருள். அங்கே ஓர் இழுப்பு, மறுபடி கரி, மறுபடி மூடல். கடைசியில் குழலும் உடலும் ஒன்றையொன்று முழுதாகத் தழுவும். அந்தக் குழல் வேறு உடலில் ஏறாது, ஏறவும் வேண்டியதில்லை. வாங்கியவன் சாகும்வரை அவை இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

பிறகு காலம் வேறு துப்பாக்கிகளைக் கேட்டது. முதலாளி நெவ்ஸாத், கீழே மேகசின் செருகிச் சுடும் தானியங்கித் துப்பாக்கிக்கு மாறினார். ஐந்து தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகரப்பெட்டிதான் மேகசின். அடியில் ஸ்பிரிங் இருந்து தோட்டாக்களை மேலே தள்ளும். சுட்டதும் போல்ட் என்னும் இரும்புக்கட்டை பின்னால் போய், திரும்பி வரும்போது மேல் தோட்டாவின் அடிவிளிம்பை இடித்துக் குழலுக்குள் தள்ளும். காலியானால் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைச் செருகலாம். ஓடிக்கொண்டே சுடும் போட்டிக்காரர்களுக்கு இதில் மோகம்.

நெவ்ஸாத் புது இயந்திரம் இறக்கினார். துப்பாக்கியின் அலுமினிய உடல்களை அது கடைந்து தள்ளியது. மேகசினைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பட்டறை வைத்திருந்த பெஹியே செய்துகொடுத்தாள். தகரத்தை வெட்டுவது, மடிப்பது, பற்றவைப்பது, ஸ்பிரிங் சுற்றுவது எல்லாம் அவளும் அவளோடு மூன்று பெண்களும். சித்கி எப்போதும்போல் கடைசி மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் அதன் இரண்டு மேகசின்களையும் பொருத்திக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் மண்சுவர்க் குழிக்குள் பட்டறை ஆள் காமில் அவற்றைச் சுட்டுப் பார்த்தான். சித்கி பொருத்திய துப்பாக்கி குழியில் சிக்கியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதனால்தான் கடலோரத்துச் சுடும் கழகம் ஒன்று வாங்கிய துப்பாக்கிகளை எல்லாம் திருப்பி அனுப்பியபோது பட்டறை வாயடைத்துப்போனது. துப்பாக்கிகள் ஒரு பெட்டியில் வந்தன. மேகசின்களை ஒரு சாக்கில் கொட்டிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சில மேகசின்கள் உள்ளங்கையால் ஓங்கி அடித்தால்தான் ஏறுகின்றன, சில லேசாக ஏறிவிட்டுச் சுடும்போது கழுத்தறுக்கின்றன என்று கழகத்துக்காரர் போனில் கத்தினார். இதற்குமேல் ஒரே ஒரு வாய்ப்புத்தான் தருவாராம்.

"உஸ்தா, இப்பவே ஒரு வார்த்தை சொல்லுங்க. எதுல கோளாறு?" நெவ்ஸாத் போனைக் கையில் மூடிப் பிடித்தபடி மேசைமுன் நின்றார்.

சித்கி ஒரு துப்பாக்கியை எடுத்தார். சாக்கிலிருந்து ஒரு மேகசினை எடுத்துத் தோட்டா நிரப்பிக் காமிலிடம் கொடுத்தார். முதல் தோட்டா வெடித்தது. போல்ட் அடுத்த தோட்டாவின் தலைக்குமேல் ஏறிச் சும்மா போய் முட்டி நின்றது. சித்கி மேகசினை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஐந்தும் தடங்கலில்லாமல் வெடித்தன.

"மேகசின்தான்" என்றார் சித்கி.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நெவ்ஸாத் போனில் சொன்னார். காமில் அதைத் தேநீர்க்கடையில் சொன்னான். மாலைத் தொழுகைக்கு ஆட்கள் கலைவதற்குள், பெஹியேயின் தகரம் உதவாது, சித்கி உஸ்தாவே சொல்லிவிட்டார் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவளிடம் ஸ்பிரிங் சுற்றக் கொடுத்திருந்த இன்னொரு பட்டறைக்காரர் ஹாலிஸ், தன் கம்பிச் சுருள்களை வண்டி அனுப்பித் திருப்பி எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையோடு அவளிடம் சரக்கு எடுப்பதை நிறுத்துவதாக நெவ்ஸாத்தும் சொல்லியனுப்பினார். தாஷ்குயுவில் பட்டறை இப்படித்தான் மூடும். யாரும் பூட்டுப் போட வேண்டியதில்லை, சரக்கு வருவது நின்றால் போதும்.

மறுநாள் காலை பெஹியே தெருவைத் தாண்டி வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், கையில் தகரம் கீறிய தழும்புகள். சித்கிக்கும் அவளுக்கும் முன்பே ஒத்துப்போகாது. என் மேகசினில் அரம் போடாதீர்கள், அச்சில் வந்தது வந்தபடியே இருக்கட்டும் என்று ஒருமுறை அவள் சொன்னதற்கு அவர் சிரித்திருந்தார்.

"சித்கி அண்ணே, கெட்ட மேகசின் எது? காட்டுங்க."

"இப்ப எதுக்கும்மா அது?"

"எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டது எதுன்னு நான் பாக்க வேணாமா?"

முந்தினநாள் சிக்கிய மேகசின் மேசையோரத்தில் தனியாகத்தான் கிடந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தோட்டாவைப் பிடித்துவைக்கும் வாய்மடிப்பை விரலால் தடவினாள், ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டாள். பிறகு தானே தோட்டா நிரப்பி, சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கிகளில் கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் காமிலிடம் நீட்டினாள்.

"சுடுடா, தடியா."

"நான் சுடுறேன் அக்கா. சிக்குச்சுன்னா என்னைத் திட்டக்கூடாது, ஆமா."

காமில் குழிக்குள் இறங்கினான். ஐந்தும் வெடித்தன. மறுபடி நிரப்பினாள். அந்த ஐந்தும் வெடித்தன. காமில் வெற்று மேகசினைக் கழற்றி அதை மோந்து பார்த்தான். "உஸ்தா, இது ராத்திரியோட ராத்திரியா திருந்திடுச்சு போலிருக்கே" என்றான்.

பெஹியே சிரிக்கவில்லை. "நேத்து இது கெட்டதா இருந்துச்சு. இன்னைக்கு நல்லதாயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள என்னவாகும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று மேகசினை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சித்கி தன் வாழ்நாளில் அரைகுறையாக எதையும் மேசையிலிருந்து இறக்கியதில்லை. தோட்டா வெடித்த சத்தம் அடங்கியபோது அவருக்கு ஒன்று உறைத்தது. நேற்று மேகசினை மாற்றியதும் சிக்கல் போனது. சரி. துப்பாக்கியை மாற்றியிருந்தாலும் போயிருக்குமோ? அதை அவர் பார்க்கவேயில்லை. இதே தவறைப் புதிதாகச் சேர்ந்தவன் செய்தால் அவனுடைய அரத்தைப் பிடுங்கி வைத்திருப்பார்.

அவர் வேலையை முதலிலிருந்து தொடங்கினார். சாக்கைக் கவிழ்த்தார். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் ஒவ்வொரு குறி, ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒவ்வொரு குறி, சிவப்புச் சாயத்தால் வைத்தார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதலில் தோட்டாவைச் சந்தேகப்பட்டார். போட்டிக்காரர்கள் தோள் நோகாத இளகிய தோட்டாதான் சுடுவார்கள். அதன் வாயு போல்ட்டை முழுதாகப் பின்தள்ளாவிட்டால் வெற்றுக்கூடு பாதியில் மாட்டும். ஆனால் இங்கே கூடுகள் எல்லாம் காமிலின் தலைக்குமேல் பறந்துபோய் விழுந்தன. காட்டுப்பன்றிக்கு அடிக்கும் கனத்த தோட்டாவைப் போட்டுப் பார்த்தார். சிக்கிய துப்பாக்கி, மேகசின் ஜோடி அதிலும் சிக்கியது. வாயுத் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார், போல்ட்டைத் துடைத்து எண்ணெயிட்டார். மாற்றமில்லை. இரண்டு மேகசின்களின் ஸ்பிரிங்கைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். சிக்கல் ஸ்பிரிங்கோடு இடம் மாறவில்லை. வாய்மடிப்புகளை ஒரே அளவுக்கட்டையில் செருகிப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பெஹியேயின் அச்சு பொய் சொல்லவில்லை.

"உஸ்தா, சாப்பிட வாங்க, பருப்புக் கஞ்சி ஆறுது" என்று காமில் கூப்பிட்டான்.

"நீ குடி."

"ரெண்டு பேர் கஞ்சியையும் குடிச்சா நான் இந்தக் குழிக்குள்ள இறங்க முடியாது. அப்புறம் உங்களுக்கு யாரு சுடுவா?"

சித்கி பழைய எண்ணெய் விளக்கை எடுத்தார். மேகசின் துப்பாக்கி வந்தபிறகு அதற்கு வேலை இல்லாமல் இருந்தது. முதலில் சிக்காத ஒரு ஜோடியில், போல்ட்டின் கீழ்முகத்தில் புகை பிடித்துக் கருப்பேற்றினார். மருந்தில்லாத தோட்டாக்களை மேகசினில் நிரப்பிச் செருகி, போல்ட்டை இழுத்துக் கையாலேயே மெல்ல முன்னால் விட்டார். பிறகு கழற்றிப் பார்த்தார். கரி அழிந்த இடம் நகத்தின் அகலத்துக்கு இருந்தது. தோட்டாவின் விளிம்பைப் போல்ட் நன்றாகவே பிடித்துத் தள்ளியிருக்கிறது. சிக்கிய ஜோடியில் அதையே செய்தார். கரி நூலின் அகலத்துக்குத்தான் அழிந்திருந்தது.

அப்படியென்றால் மேகசின் அந்தத் துப்பாக்கியில் தாழ்ந்து உட்காருகிறது. மயிரிழை தாழ்வுதான். ஸ்பிரிங் முந்திக்கொண்டால் விளிம்பு மாட்டும், போல்ட் முந்திக்கொண்டால் தலைக்குமேல் போய்விடும். அதனால்தான் சிலசமயம் ஓடியது, சிலசமயம் ஓடவில்லை.

மேகசினை உயரத்தில் பிடித்து நிறுத்துவது துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள எஃகுக் கொக்கி. மேகசினின் பக்கவாட்டிலும் ஒரு வெட்டு உண்டு. கொக்கி அந்த வெட்டுக்குள் விழுந்ததும், வெட்டின் மேல்விளிம்பு கொக்கியின்மேல் அமர்ந்து மேகசின் தொங்கும். சித்கி மேகசினைத் திருப்பி அந்த வெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

மேல்விளிம்பில் அரத்தின் கோடுகள் இருந்தன. லேசாக இடப்பக்கம் சாய்ந்து, தொடக்கத்தில் அழுத்தம், முடிவில் காற்றுபோல விட்டது. அடுத்த மேகசினை எடுத்தார். அதிலும் அதே கை, ஆனால் கூடுதல் ஆழம். மூன்றாவதில் கோடே இல்லை. நான்காவதில் ஒரே ஓர் இழுப்பு. ஊரில் எவன் அரத்தையும் அடையாளம் சொல்லக்கூடியவர், அந்தக் கையை அடையாளம் காணக் கொஞ்சநேரம் எடுத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். புது இயந்திரம் கடைந்த உடல்களில் கொக்கியின் துளை ஒரே இடத்தில் விழவில்லை. சிலவற்றில் சரியான இடம், சிலவற்றில் கொஞ்சம் மேலே. மேலே விழுந்த துப்பாக்கியில் பெஹியேயின் மேகசின் ஏறாது. ஏறாவிட்டால் சித்கி என்ன செய்வார்? இரட்டைக்குழலில் என்ன செய்தாரோ அதைத்தான். அது ஏறும்வரை வெட்டின் மேல்விளிம்பில் அரம் போட்டார். அந்தத் துப்பாக்கியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது, குழியில் குறையில்லாமல் சுட்டது. அதே மேகசினை வேறு துப்பாக்கியில் போட்டால் அரம் தின்ற அளவுக்குத் தாழும். கழகத்துக்காரர்கள் எல்லா மேகசின்களையும் ஒரே சாக்கில் கொட்டிவைத்து, கைக்கு வந்ததை எடுத்துச் செருகினார்கள். மேகசினை அப்படித்தானே புழங்குவார்கள். அதற்காகத்தானே அது கழற்றக்கூடியதாக இருக்கிறது.

இயந்திரம் தவறிய ஒவ்வொரு முறையும் அவர் சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறார். தவறுகிறது என்று யாரிடமும் சொல்லத் தோன்றியதே இல்லை. அது அவருக்குத் தவறாகவே படவில்லை, வேலையாகப் பட்டது.

நெவ்ஸாத்தின் அறையில் வந்தவர்களுக்குக் காட்டவென்று புது இயந்திரத்தின் பெரிய படம் மாட்டியிருந்தது. சித்கி படத்துக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அரம் பட்ட ஒன்றும் படாத ஒன்றுமாக இரண்டு மேகசின்களைக் காட்டினார்.

நெவ்ஸாத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி உஸ்தா. இயந்திரத்தை நான் பாத்துக்கறேன். கழகத்துக்காரனுக்கு எல்லாத்தையும் சரிபண்ணி அனுப்பிடுவோம். இது நமக்குள்ளயே இருக்கட்டுமே."

"பெஹியே?"

"அவகிட்ட தொடர்ந்து எடுத்துக்கறேன். நிறுத்தலைன்னு சொல்லிடறேன். வேற என்ன?"

"ஊரு பூரா அவ தகரம் உதவாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு, தம்பி. ஹாலிஸு கம்பியைத் திருப்பி எடுத்துட்டான். உங்க ஒருத்தர் சரக்கை வச்சு அவ நாலு பேருக்கு அடுப்பு மூட்ட முடியுமா?"

"அதுக்கு? என் இயந்திரம் ஓட்டை, என் உஸ்தா அரத்தால ராவினது தப்புன்னு நான் போய்த் தம்பட்டம் அடிக்கணுமா? உங்க பேருதான் இந்தப் பட்டறையோட பேரு. நீங்க சொன்ன வார்த்தையை நீங்களே திருப்பி எடுத்தா, நாளைக்கு உங்க வார்த்தைக்கு என்ன மதிப்பு?"

 நெவ்ஸாத் சொன்னதில் பொய் இல்லை. தாஷ்குயுவில் உஸ்தா மேசையில் சொன்ன வார்த்தை திரும்பி வருவதில்லை. அப்படி வராது என்பதால்தான் ஹாலிஸ் அன்று மாலையே வண்டி அனுப்பினார். "யோசிக்கறேன்" என்று சொல்லி சித்கி எழுந்துவிட்டார்.

யோசிக்கப் போன இடம் தெருவுக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. பெஹியேயின் பட்டறையில் தகரத்தை அச்சில் அழுத்தும் பிரஸ் ஓடவில்லை. மூன்று பெண்களும் ஒரு துணியை விரித்து, வெண்ணெய்க்கட்டி வைத்த மெல்லிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.  சித்கி இரண்டு மேகசின்களையும் பெஹியேயின் முன்னால் வைத்து, வெட்டைக் காட்டினார்.

"இது என் கை."

பெஹியே குனிந்து பார்த்தாள்.  "தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா, அண்ணே?"

"சொன்னே."

"சிரிச்சீங்க."

"சிரிச்சேன்."

"இப்ப இங்க வந்து, இந்த மூணு பொம்பளைங்க காதுல சொல்றீங்க. ஹாலிஸ் காதுல விழுமா இது? கெட்ட பேரை எங்க கொண்டுபோய் வச்சீங்களோ அங்க போய் எடுங்க."

"டீக்கடையில சொன்னது காமிலு."

"காமிலோட வாயி. உங்க வார்த்தை."

ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இருமினாள், சிரிப்பை மறைக்கத்தான். சித்கி மேகசின்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

தேநீர்க்கடை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு நிரம்பிவிடும். அன்றும் அப்படித்தான் இருந்தது. அடுப்பருகே ஹாலிஸ் சீட்டாடிக்கொண்டிருந்தார், நெவ்ஸாத் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பெண்கள் அந்தக் கடைக்குள் வருவதில்லை. பெஹியேயும் வரவில்லை. ஆனால் திறந்த கதவுக்கு நேரே, தெருவில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சித்கி உட்காரவில்லை. இரண்டு மேகசின்களையும் சீட்டுக்கட்டின் பக்கத்திலேயே வைத்தார்.

"ஹாலிஸு, பெஹியே தகரத்துல கோளாறுன்னு நான் சொன்னது தப்பு. பாக்காம சொன்னேன். அவகிட்டயிருந்து வர்ற எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. வந்தப்புறம் நான்தான் ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு மாதிரி ராவியிருக்கேன். துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி ராவினேன். அதனால வேற எதுலயும் அது ஒழுங்கா உக்காரலை."

 கடைக்காரன் கையில் தட்டோடு நின்றான்.

"உஸ்தா, உங்க அரம் தப்புப் பண்ணிச்சுன்னு சொல்றீங்களா?" என்றார் ஹாலிஸ். "எதுக்கும் நான் இன்னொரு தடவை கேட்டுக்கறேன். என் பொண்டாட்டி நம்ப மாட்டா."

"அரம் சரியாத்தான் ராவிச்சு. ராவியிருக்கக்கூடாது."

"அப்ப அந்தத் துப்பாக்கிங்கள்ல மேகசின் ஏன் ஏறாம போச்சு?" இன்னொரு பட்டறைக்காரர் கேட்டார்.

எல்லாரும் நெவ்ஸாத்தின் முதுகைப் பார்த்தார்கள். சித்கி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அது அவர் சொல்ல வேண்டியது இல்லை. நெவ்ஸாத் தேநீரில் சர்க்கரையைக் கலக்கினார், அது கரைந்த பிறகும் கலக்கினார். கடைசியில் திரும்பாமலே சொன்னார். "துளை மேல போயிருக்கு. திங்கக்கிழமை ஆளு வந்து பாக்கறான். போதுமா? இனிமே யாராவது என் இயந்திரத்தைப் பாக்க வந்தா டீக்கு நீங்கதான் காசு குடுக்கணும்."

காமில்தான் முதலில் சிரித்தான். பிறகு ஆளாளுக்கு ஏதேதோ சொன்னார்கள். இனிமேல் மனைவி உப்புக் குறைவாகப் போட்டால்கூட உஸ்தாவைத்தான் கேட்க வேண்டும் என்றான் ஒருவன். தனக்கு உஸ்தா பொருத்திய பல்செட்டைத் தன் மாமனாருக்குப் போட்டால் ஏறாது என்றான் இன்னொருவன். சித்கி எல்லாவற்றையும் நின்றபடி கேட்டுக்கொண்டார். காதுமடல்கள் சிவந்திருந்தன. அவரை அந்தக் கடையில் அதுவரை யாரும் கேலி செய்ததில்லை.

வெளியே வந்தபோது பெஹியே அங்கேயே நின்றாள்.

"அப்ப ஏறாத துப்பாக்கியை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"கொக்கியை ராவுவேன். கொக்கி அந்தத் துப்பாக்கியோடயே கிடக்கற சாமான். அதோட தலையைக் குறைச்சா உன் மேகசின் தொடாமலே ஏறும். நீ ஒரு மேகசின் குடு, அச்சுலேர்ந்து வந்த மாதிரியே. அதை வச்சு எல்லாக் கொக்கியையும் சரிபண்றேன்."

"ஒண்ணு பத்தாது. தேஞ்சு போகும். மூணு தர்றேன், எஃகுல. நீங்க ராவின மேகசின் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருங்க. கழகத்துக்குப் புதுசு போகட்டும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் தலையாட்டினார். அப்போது கடைக்குள்ளிருந்து ஹாலிஸ் சீட்டைக் கையில் விரித்தபடியே கழுத்தை நீட்டிக் கத்தினார். "பெஹியே அக்கா! கம்பிச்சுருளை நாளைக்கு அனுப்பறேன். என் ஸ்பிரிங்கு எப்பக் கிடைக்கும்?"

பெஹியே தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிரஸ் நின்றுபோன நாட்களில் அவளுடைய பெண்களில் ஒருத்தி வேறு வேலை தேடி ரொட்டிக்கடையில் கேட்டுவிட்டு வந்திருந்தாள். முதலில் அவளைப் போகவிடாமல் பிடித்துவைக்க வேண்டும்.

"நெவ்ஸாத்தோட மேகசின் முடியணும்" என்று கடைக்குள் கேட்கும்படி சொன்னாள். "அதுக்கப்புறம் உங்களுது. வரிசையில நில்லுங்க."

தெருவைத் தாண்டிப் பட்டறைக்குள் போனாள். சித்கியும் தன் மேசைக்குப் போனார், ஏறாத துப்பாக்கிகளில் முதலாவதை மேசையின் வைஸ் இடுக்கியில் பிடித்து, அதன் கொக்கியைக் கழற்றத் தொடங்கினார்.